ஒற்றைவழியும் மணியோசையும்
தொடர்வழிக் கட்டுப்படுத்தியின் இடைமறிப்பு வரலாறு

வவுனியாவிலிருந்து வடக்கே ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்னும் நிலையங்களைக் கடந்து ஆனையிறவை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை ஒற்றைப் பாதையாகும். யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 1902 ஆம் ஆண்டில் வண்டி ஓடத் தொடங்கிற்று. வன்னிப் பெருநிலத்தின் காட்டை ஊடறுத்து வந்த தென்பகுதிப் பாதை அதனோடு இணைந்து, கொழும்பு தொடக்கம் காங்கேசன்துறை வரை ஒரே இருப்புப்பாதையானது 1905 ஆம் ஆண்டிலாகும். ஒரே தண்டவாளச் சோடியில் வடக்கே செல்லும் வண்டியும் தெற்கே செல்லும் வண்டியும் ஓடவேண்டியிருப்பின், அவை நேருக்கு நேர் மோதாவண்ணம் காப்பது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை இங்கிலாந்திலே பெருந்துயர் ஒன்றின் பின்னரே பிறந்தது. 1874 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், நோரிச் நகருக்கு அண்மையிலுள்ள தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தி அனுப்பியதில் நேர்ந்த தவறு காரணமாக இரண்டு வண்டிகள் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே விடப்பட்டு மோதின. 25 பேர் மாண்டனர். எட்வேட் ரையர் என்பார் இதனாற் சிந்தை தூண்டப்பெற்று, 1878 ஆம் ஆண்டில் ஒரு கருவியை ஆக்கினார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியாற் பிணைக்கப்பட்ட இரு பெட்டிகள் இருக்கும். அவற்றினுள்ளே டப்லட் என வழங்கிய வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். மறுமுனையிலுள்ளவர் இசைந்தாலன்றித் தகடு வெளிவராது. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இரு பெட்டிகளிலிருந்தும் வேறொன்று வாராது. தகட்டைக் கையிற் பெற்ற சாரதியே அப்பகுதிப் பாதைக்கு உரியவர். நிலைய அதிபர்கள் ஒருவரோடொருவர் உரையாடியது மணியோசையால். இத்தனை அடி அடித்தால் இன்ன பொருள் என்பது விதி. இலங்கையின் ஒற்றைப் பாதைகளிலும் பல்லாண்டு காலம் வழங்கிய முறை இதுவே.

1990 ஆம் ஆண்டிலே போரினால் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பெயர்ந்து மறைந்தன. 2013 செப்ரெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி மீண்டபோது புதிய பாதையோடு புதிய சமிக்ஞை முறையும் வந்தது. பழைய பெட்டிகள் காட்டிய இரு கருத்துக்களோ இன்று கணினியின் உள்ளே உயிர்வாழ்கின்றன. தகடு என்பது பூட்டு; மணி என்பது இடைமறிப்பு. இஃது உவமை மாத்திரமன்று, வரலாறுமாகும். ஒல்லாந்து நாட்டுக் கணித அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஒன்றுக்கு மேற்பட்ட செயல்கள் ஒரே பொருளை நாடும்போது அவற்றை ஒழுங்குபடுத்தும் முறையொன்றை 1960 களின் தொடக்கத்தில் வகுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் புகையிரதக் கைகாட்டி மரத்தின் பெயரே.

மணியின் கதையை முதலிற் காண்போம். நிலைய அதிபர் பெட்டியையே நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பாராயின் சீட்டு விற்பவர் யார், பொதி நிறுப்பவர் யார்? மணி ஒலிக்கும்வரை அவர் தம் வேலையைச் செய்வார்; ஒலித்ததும் கைவேலையை வைத்துவிட்டு எழுவார்; முடித்த பின் விட்ட இடத்தில் தொடர்வார். தொடக்ககாலக் கணினிகளுக்கு இவ்வசதி இருக்கவில்லை. வெளிக்கருவியிடம் "செய்தி வந்ததா, வந்ததா" என்று அவை ஓயாது வினவிக்கொண்டிருந்தன. அமெரிக்க நாட்டுத் தேசிய நியமங்கள் பணியகம் 1954 ஆம் ஆண்டில் அமைத்த டைசியக் என்னும் பொறியிலேதான் உள்ளீட்டுக் கருவியொன்று கணினியின் கவனத்தைத் தானே ஈர்க்கும் ஏற்பாடு முதன்முதற் காணப்பட்டதென்பர். ஒல்லாந்தின் எக்ஸ் 1 பொறிக்கு இவ்வேற்பாட்டைப் புகுத்த அதன் அமைப்பாளர் கருதியபோது, அதற்கு நிரல் எழுதவேண்டியிருந்த டைக்ஸ்ட்ரா அஞ்சினார். சில மாதகாலம் முடிவைத் தள்ளிப்போட்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். அவர் அச்சம் வீணன்று. இடைமறிப்பு எக்கணத்தில் வருமென யாராலும் கூறவியலாது. ஆதலின் அதனால் விளையும் பிழை ஒருமுறை தோன்றி மறுமுறை தோன்றாது ஒளியும். அவர் அதனை ஏற்று, அதுபற்றியே 1959 ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்ட ஆய்வும் எழுதினார். அறுபது ஆண்டுகளின் பின்னரும் அவ்வச்சம் எங்ஙனம் தலைகாட்டியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனித் தொடர்வழி என்பது யாதெனின், ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட் எனப்படும் குறிகளை அனுப்பும் வழியாகும். தந்தியே அதன் தாய். பிரெஞ்சு நாட்டு எமில் போடோ 1870 களில் ஐந்து குறிகளால் ஓரெழுத்தைக் குறிக்கும் முறையை வகுத்தார். பின்வந்த தந்தித் தட்டச்சுப் பொறிகளிலே ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கக்குறியும் பின்னே ஒரு முடிவுக்குறியும் இடும் வழக்கம் நிலைபெற்றது. அமெரிக்க மின்னணுவியற் கைத்தொழிற் சங்கம் 1960 ஆம் ஆண்டில் ஆர்எஸ் 232 என்னும் நியமத்தை வெளியிட்டது. எழுத்தைக் குறிகளாகப் பிரித்து அனுப்பவும், வந்த குறிகளை எழுத்தாகக் கோக்கவும் வேண்டிய சுற்றை டிஜிற்றல் எக்குவிப்மென்ற் நிறுவனத்தின் கோர்டன் பெல் அமைத்தார். 1971 ஆம் ஆண்டளவில் அச்சுற்று முழுவதும் ஒரே சில்லினுள் அடங்கிற்று.

1981 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினியில் 8250 என்னும் சில்லே தொடர்வழிக் கட்டுப்படுத்தியாய் அமைந்தது. அதன் குறை யாதெனின், வந்த எழுத்துக்களுள் ஒன்றை மாத்திரமே அது கையில் வைத்திருக்கும். அடுத்தது வந்து சேருமுன் கணினி அதனை எடுத்துக்கொள்ளாவிடின் முன்னது அழியும். கணக்கிட்டுப் பார்ப்போம். செக்கனுக்கு 9600 குறிகள் செல்லும் வழியில், எழுத்துக்கு எட்டுக் குறியும் தொடக்கம் முடிவு இரண்டும் சேர்ந்து பத்தாகும். எனவே செக்கனுக்கு 960 எழுத்துக்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மணியோசை எனின், ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனுக்கு ஒன்று. வேகம் 115200 ஆக உயர்ந்தாலோ செக்கனுக்கு 11520 எழுத்துக்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ள அவகாசம் 87 மைக்குரோசெக்கன் மாத்திரமே. அக்காலக் கணினி, மணிக்கு எழுந்து செல்வதிலேயே தன் பொழுதைக் கழித்தது.

இதற்குப் பரிகாரமாக 16 எழுத்துக்களைச் சேமித்துவைக்கும் வரிசை ஒன்றோடு 16550 என்னும் சில்லு வந்தது. முதற் பதிப்பின் வரிசை பழுதுடையதாய் இருந்தமையால் அது பயன்படாது போயிற்று. திருத்தி வெளியிட்ட 16550ஏ என்பதே நிலைத்தது. பதினான்கு எழுத்துச் சேர்ந்தபின் ஒருமுறை மணியடித்தாற் போதும் என அதற்குக் கட்டளையிடலாம். முன்னர் 11520 ஆய் இருந்த மணியோசை 823 அளவிற்குக் குறையும். தேவையற்ற இடைமறிப்பைக் களையும் முயற்சியில் முதற்படி இதுவெனலாம். இக்குறைப்பு வன்பொருளாற் செய்யப்பட்டது.

மென்பொருளாற் செய்யவேண்டிய குறைப்பு வேறு. 8250 சில்லு நான்கு காரணங்களுக்காக மணியடிக்கும்: வழியிற் பிழை நேர்ந்தமை, எழுத்து வந்தமை, அனுப்புமிடம் வெறுமையானமை, மோடத்தின் நிலை மாறியமை. நான்கையும் எப்போதும் திறந்துவைப்பது பேதைமை. அனுப்புவதற்கு ஒன்றுமில்லாதபோது, "அனுப்புமிடம் வெறுமை" என்று மணியடித்து என்ன பயன்? ஆகவே அனுப்பவேண்டியது உள்ளபோது அதனைத் திறந்து, தீர்ந்ததும் மூடுவதே நல்ல இயக்கிநிரலின் இலக்கணம். மோடமே இல்லாது மூன்று கம்பிகளால் மாத்திரம் இணைத்த வழியில், எங்கும் பொருந்தாது தொங்கும் முனைகள் இரைச்சலைப் பற்றி வீண் மணி அடிக்கவுங் கூடும். லினக்ஸ் இயக்கிநிரல் இதனை அறிந்து, மோடக் கட்டுப்பாடு வேண்டப்படும்போதே அக்காரணத்தைத் திறக்கின்றது.

லினக்ஸைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1991 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ், பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசிவழி தொடர்புகொள்ளுதற்கு ஒரு முனைய நிரலை எழுதத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இயங்குதளமாயிற்று. அதாவது, இன்று உலகின் பெரும்பாலான வழங்கிகளை இயக்கும் கேர்னல் எனப்படும் கருநிரல், ஒரு தொடர்வழியைக் கையாளும் முயற்சியிலிருந்து முளைத்தது. தொடர்வழிக்கான இயக்கிநிரல் அதன் மூத்த பகுதிகளுள் ஒன்று. மூத்த வீட்டிலே பழைய பொருட்கள் சேர்ந்திருத்தல் இயல்பே.

இங்கே பூட்டின் கதை புகுகின்றது. தொடர்வழிச் சில்லை ஒரே நேரத்தில் இருவர் தொடலாகாது. ஆதலின் தொடுபவர் முதலிற் பூட்டைப் பெறவேண்டும். தகட்டைப் பெற்ற சாரதி போலவே. பூட்டு வேறொருவர் கையில் இருப்பின், அது விடுபடும்வரை சுழன்று சுழன்று காத்திருத்தல் வேண்டும். இனி ஓர் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். மாங்குளத்து நிலைய அதிபர் தகட்டைக் கையிற் பிடித்தவாறு நிற்கையில் இன்னொரு மணி ஒலிக்கின்றது. விதிப்படி அவர் கைவேலையை விட்டு அதற்குச் செல்லவேண்டும். சென்ற இடத்தில், அவ்வேலையைச் செய்வதற்கும் அதே தகடு வேண்டும் என்கின்றது சட்டம். தகடு அவர் கையிலேயே உள்ளது. ஆயினும் முன்னைய வேலை முடியாமல் அதனைத் திருப்பிவைக்க இயலாது. பின்னைய வேலை முடியாமல் முன்னையதற்குத் திரும்பவும் இயலாது. நிலையம் முழுவதும் அப்படியே உறைந்து நிற்கும். மனிதராயின் சிரித்துவிட்டு விதியை மீறுவர். கணினிக்குச் சிரிப்பு இல்லை. அது சுழன்றுகொண்டே இருக்கும். மின்னை நிறுத்தியே எழுப்பவேண்டும்.

இதனைத் தவிர்க்கும் வழி, பூட்டைப் பெறுமுன் மணிகளை அடைத்துவிடுவது. விட்டபின், முன்பு மணி திறந்திருந்ததோ மூடியிருந்ததோ அந்நிலைக்கே மீட்டுவிடுவது. முன்னைய நிலையை நினைவில் வைத்து மீட்கும் இப்பூட்டுமுறையைத் தொடர்வழி இயக்கிநிரல்கள் பல தம் இடைமறிப்புக் கையாளியின் உள்ளேயே பயன்படுத்தின. ஒரு காலத்தில் இது முற்றும் வேண்டியதே. ஏனெனில் அக்காலத்துக் கையாளிகள் இருவகைப்பட்டன: ஏனைய மணிகளை அடைத்துக்கொண்டு விரைந்து ஓடுவன சில; திறந்துவைத்தபடி ஓடுவன பல. எவ்வகை வேண்டும் என்பதை இயக்கிநிரல் ஒரு கொடியினாற் கூறும்.

2010 ஆம் ஆண்டில், 2.6.35 ஆம் பதிப்பிலே, இவ்விருவகை ஒழிந்தது. இனிக் கையாளிகள் யாவும் மணிகளை அடைத்தே ஓடும் என்பது புதிய விதி. அக்கணமே கொடி பொருளற்றதாயிற்று. ஆயினும் அஃது உடனே மறையவில்லை. பல்வேறு இயக்கிநிரல்களில் ஐந்து ஆண்டுகள் வெறும் ஏட்டெழுத்தாய்க் கிடந்தது. தன்னார்வலர் ஒவ்வொன்றாய்க் களைந்து, 2015 ஆம் ஆண்டின் 4.1 ஆம் பதிப்பிலே அதன் வரைவிலக்கணமே நீக்கப்பட்டது. கையாளியின் உள்ளே மணியை மீண்டும் அடைக்கும் பூட்டுமுறையும் அவ்வாறே வேண்டாததாயிற்று என்று ஒருவர் எண்ணலாம். அடைத்த கதவை மறுபடியும் அடைப்பானேன்?

அவ்வெண்ணம் தவறு. 2011 ஆம் ஆண்டில் இன்னோர் ஏற்பாடு வந்தது. பயனர் விரும்பின், கையாளிகளைத் தனித்தனி இழைகளாக்கி, ஏனைய வேலைகளோடு வரிசையில் நிறுத்தி ஓட்டலாம் என்பதே அது. நேரந்தவறாது இயங்கவேண்டிய பொறிகளுக்கு இதனால் நன்மை உண்டு. ஆனால் இழையாய் ஓடும் கையாளி மணிகளைத் திறந்துவைத்தபடியே ஓடிற்று. தொடர்வழியின் இன்னொரு தொழிலை இங்கே நினைக்கவேண்டும். கருநிரல் தன் செய்திகளை வெளியிடும் முனையமாகவும் அது பயன்படுகின்றது. கையாளி இழை பூட்டைப் பிடித்திருக்கையில், இழையாக்கப்படாத வேறொரு மணி, உதாரணமாகக் கடிகாரத்தின் மணி, ஒலித்து, அதன் கையாளி ஒரு செய்தியை முனையத்தில் எழுத முற்பட்டால், அதே பூட்டை அது கேட்கும். மாங்குளத்து அதிபரின் இக்கட்டு அப்படியே நிகழும். எனவே வேண்டாததெனத் தோன்றிய பூட்டுமுறை மீண்டும் வேண்டியதாயிற்று. எடுத்தவர் திரும்ப வைத்தனர், எடுக்காதவர் பிழைத்தனர். எடுத்தவர் சோதித்துப் பார்க்காமல் எடுத்தவரல்லர். அவர்கள் சோதனையிற் கடிகாரம் அந்தக் கணத்தில் ஒலிக்கவில்லை, அவ்வளவே. டைக்ஸ்ட்ரா அஞ்சியது இதனையே.

2021 ஆம் ஆண்டிலே கருநிரலின் இடைமறிப்புப் பகுதியைப் பேணும் தோமஸ் கிளைக்ஸ்னர் இச்சிக்கலை வேரிலே தீர்த்தார். கட்டாயமாக இழையாக்கப்பட்ட கையாளியும் மணிகளை அடைத்துக்கொண்டே ஓடவேண்டும் என மையநிரலிலேயே விதி செய்தார். முன்னர் அவ்வாறு செய்யாமை ஒரு கவனக்குறைவென்றும் அத்திருத்தத்தின் குறிப்பிலே எழுதப்பட்டது. பல இயக்கிநிரல்கள் தனித்தனியே சுமந்த எச்சரிக்கை ஓரிடத்துக்கு மாறிற்று. அதன் பின்னர் அதே ஆண்டில் ஜோகன் ஹோவோல்ட் என்பார் தொடர்வழி இயக்கிநிரல்களைச் செம்மைசெய்யும் திருத்தங்களை அளித்தார். கையாளிகளின் உள்ளே முன்னைய நிலையைச் சேமித்து மீட்பது நீக்கப்பட்டது. பூட்டை விடும் துணைநிரல் ஒன்று, அச்சேமிப்புக்கென வாங்கிவந்த ஒரு மேலதிக உறுப்பையும் இழந்தது.

இத்திருத்தத்தால் மிச்சமான காலம் எவ்வளவு எனின், ஒரு மணியோசைக்குச் சில கட்டளைகளே; அளக்கவும் அரிது. அதனைப் பெரிதுபடுத்துவார் உண்மை கூறுபவரல்லர். ஊதியம் வேறிடத்தில் உள்ளது. நிரலைப் படிக்கும் இளைஞன் ஒருவன், அடைத்த கதவை மறுபடி அடைக்கும் வரியைக் கண்டால், "இங்கே மணி திறந்திருக்கக்கூடும் போலும்" என்று கருதுவான். அப்பிழையான கருத்தின்மேல் தன் நிரலைக் கட்டுவான். வேண்டாத எச்சரிக்கை வேண்டிய எச்சரிக்கையின் மதிப்பையும் கெடுக்கும். ஆபத்தில்லாத வளைவிலெல்லாம் ஊதிச் செல்லும் வண்டியின் ஊதலை மாடு மேய்ப்பவன்கூட மதிப்பதில்லை.

எல்லா இடத்தும் நீக்கல் பொருந்தாது என்பதும் குறிக்கத்தக்கது. தொடக்கத்திலேயே தன்னை இழையாக்கும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்ட கையாளிக்கு 2021 இன் விதி செல்லாது. அதற்குப் பழைய பூட்டுமுறை இன்றும் வேண்டும். ஒரே கோப்பில் அருகருகே நிற்கும் இரு வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க, ஒன்று களை, மற்றது பயிர். ஆகவே ஒரு வரியை நீக்க முனைபவர், அவ்வரி எப்போது எதற்காக வந்தது என்று ஆராய்தல் வேண்டும். இது சரித்திர மாணவன் ஒரு சாசனத்தை அணுகும் முறையினின்றும் வேறன்று. லினக்ஸுக்கென 2005 ஆம் ஆண்டு ஏப்ரலில் டோவால்ட்ஸ் எழுதிய கிட் என்னும் ஏட்டுமுறை, ஒவ்வொரு வரியையும் யார், என்று, என்ன காரணங்கூறி மாற்றினார் என்பதைக் காத்துவைக்கின்றது. ஆனால் அதற்கு முந்திய பதினான்கு ஆண்டு வரலாறு அவ்வேட்டில் இல்லை. அக்காலத்து வரிகள் யாவும் 2005 ஏப்ரலில் ஒரே நாளிற் பிறந்தன போலத் தோன்றும். பழைய வரிகளின் காரணத்தைத் தேடுபவர் மடற் களஞ்சியங்களையும் பழைய பதிப்புகளையும் புரட்டவேண்டும். சில காரணங்கள் எழுதியவர் நெஞ்சோடு போயின.

தொடர்வழி பழைமையானது, இனி எவருக்கு வேண்டும் என்று கேட்பாருமுளர். கிளிநொச்சி அறிவியல்நகரில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத்திலும், 2021 ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த வவுனியா வளாகத்திலும் பயிலும் மாணவர் சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகைகளோடு பேசுவது பெரும்பாலும் இம்மூன்று கம்பிகளாலேயே. திசைகாட்டும் செய்மதிக் கருவியும், வலையமைப்புப் பெட்டியும், புதிதாய் வந்த பலகையும் திரையின்றி எழும்போது முதற் சொல்லை உரைப்பது தொடர்வழியிலே. பிற யாவும் செயலிழந்த வேளையிலும் கருநிரலின் இறுதிச் செய்தி அவ்வழியே வரும். அத்தகைய வேளையிற் பூட்டின் இக்கட்டால் அவ்வழியும் உறைந்துபோனால், நேர்ந்தது யாதென அறியச் சுவடே எஞ்சாது. அதனாலேயே அங்கு ஒரு வரியை எடுப்பதும் வைப்பதும் இத்துணை விவாதத்துக்கு உரியனவாயின.

விவாதம் இன்னும் ஓயவில்லை. நேரந்தவறா இயக்கத்துக்கான திருத்தங்கள் இருபது ஆண்டுகள் வரை புறம்பே வளர்ந்து, 2024 ஆம் ஆண்டின் 6.12 ஆம் பதிப்பிலே மூலக் கருநிரலின் ஓர் உறுப்பாயின. அவ்வமைப்பிற் கட்டாய இழைகள் மணியை அடைப்பதில்லை. சுழலும் பூட்டே அங்கு உறங்கிக் காத்திருக்கும் பூட்டாய் மாறிவிடுகின்றது. அங்கே முனையத்தில் எழுத முற்படுவோர் பூட்டுக்காக மணியோசையின் நடுவே காத்திருத்தல் இயலாது. ஆகையால் முனையத்துக்குச் செய்தி எழுதும் முறையையே, பழைய பூட்டை நம்பாத வேறொரு வகையில், கருநிரல் ஆக்குவோர் திருத்தி எழுதி வருகின்றனர். 8250 இன் பெயரைத் தாங்கிய இயக்கிநிரலும் அத்திருத்தத்துக்கு உட்பட்டதே.